நிறுத்தச் சொல்ல ஓர் ஆள்



சேலையூரிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கோடு போட்ட தாள், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. "காசு கொடுத்தால் விண்வெளிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறார்களாமே, என்னைப் போன்றவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளுமா? எழுபதைத் தாண்டிவிட்டேன். சுகர் உண்டு, பிரஷர் உண்டு, நெஞ்சில் ஸ்டென்ட் ஒன்றும் உண்டு. பணம் இல்லை என்பது எனக்கே தெரியும், அதை நீங்கள் சொல்ல வேண்டாம். உடம்பைப் பற்றி மட்டும் பதில் எழுதவும்."

இப்படி ஒரு கடிதம் வந்தால் எந்த ஆசிரியருக்குத்தான் கை சும்மா இருக்கும்? 'டாக்டர் பதில்கள்' பகுதிக்குத் தள்ளிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விஷயத்தைப் படிக்கப் படிக்க, இது உடம்போடு முடிகிற சமாசாரம் இல்லை என்று தெரிந்தது. அதனால் இந்த இதழில் என் பக்கம் முழுவதும் அவருக்கே.

தென்சென்னைப் புறநகர்க்காரர்களுக்கு ஆகாயம் ஒன்றும் அந்நியமில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில்தான் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். கல்லூரி வளாகத்தில் நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்கள் தன்னை அந்தப் பக்கம் இழுத்ததைத் தன் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். மாணவர்கள் செய்த செயற்கைக்கோள் 2011-லும், சோழிங்கநல்லூர் சத்யபாமா மாணவர்கள் செய்தது 2016-லும் பி.எஸ்.எல்.வி. ஏறிப் போயின. ஐ.ஐ.டி.யில் பிறந்த அக்னிகுல் நிறுவனம் ஸ்ரீஹரிகோட்டாவில் சொந்த ஏவுதளமே போட்டுவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலைத் திருவிடந்தையிலிருந்து 2024 ஆகஸ்டில் 'ரூமி-1' என்ற தனியார் ராக்கெட் கிளம்பியது. கேம்ப் ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது விமானப்படையின் பயிற்சி விமானம் தலைக்கு மேலே வட்டமடித்தால், கண்ணாடி டம்ளரிலிருந்து யாரும் கண்ணை எடுப்பதுகூட இல்லை.

சரி, கேள்விக்கு வருவோம்.

காசு கொடுத்து விண்வெளி போவதில் இரண்டு வகை. ஒன்று, விண்வெளியின் விளிம்பை எட்டித் தொட்டுவிட்டு உடனே இறங்கிவிடுவது. ஜெஃப் பெசோஸின் புளூ ஆரிஜின் கலத்தில் கிளம்பியதிலிருந்து இறங்குவதுவரை பத்துப் பதினோரு நிமிடம். அதில் மூன்று நான்கு நிமிடம் மிதக்கலாம். அந்த நிறுவனம் இதற்காகத்தான் நியூ ஷெப்பர்ட் ராக்கெட்டைச் செய்தது. ரிச்சர்ட் பிரான்சனின் வர்ஜின் கேலக்டிக் கேட்ட கட்டணம் ஒரு சீட்டுக்கு நாலரை லட்சம் டாலர், பிறகு ஆறு லட்சம். இன்னொரு வகை, பூமியைச் சுற்றிக்கொண்டு நாட்கணக்கில் இருப்பது. 2001-ல் அறுபது வயது டென்னிஸ் டிட்டோ ரஷ்யாவின் சோயுஸில் ஏறிப்போனாரே, அது. அப்போதே இரண்டு கோடி டாலர் என்று பேச்சு.

முதல் வகையில் போன முதல் இந்தியர் கோபி தோட்டகூரா. விஜயவாடாவில் பிறந்தவர், அமெரிக்காவில் தொழில் செய்கிறவர், விமானம் ஓட்டத் தெரிந்தவர். 2024 மே 19 அன்று மேற்கு டெக்சாஸிலிருந்து புளூ ஆரிஜின் கலத்தில் ஆறு பேரில் ஒருவராகப் போனார். கூடப் போனவர்களில் எட் ட்வைட்டுக்கு வயது 90. அறுபதுகளில் அமெரிக்காவின் முதல் கறுப்பின விண்வெளி வீரராக ஆகியிருக்க வேண்டியவர், நாசா எடுத்துக்கொள்ளவில்லை. அறுபது வருடம் கழித்து அந்தக் கடன் தீர்ந்தது. நம் பத்திரிகைகள் எல்லாம் இந்தியரின் சிரித்த முகத்தைப் போட்டன, சரிதான். ஆனால் அன்று கேப்சூல் இறங்கும்போது மூன்று பாராசூட்டில் ஒன்று முழுதாக விரியவில்லை என்பது பல பேர் கண்ணில் படவே இல்லை. இரண்டே விரிந்தாலும் தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அதற்கு மூன்று வருடம் முன்னால், 2021 ஜூலை 11 அன்று, ஆந்திராவில் பிறந்த அமெரிக்கரான சிரிஷா பண்ட்லா பிரான்சனோடு வர்ஜின் கேலக்டிக் கலத்தில் போய்வந்தார். அந்தப் பயணத்தில் கலம் தனக்கு ஒதுக்கிய வான்பாதையை விட்டு 1 நிமிடம் 41 விநாடி விலகிப் பறந்தது வெளியே தெரியவே செப்டம்பர் ஆயிற்று. அமெரிக்க விமானத் துறை கொஞ்ச நாள் பறக்கத் தடைபோட்டு, விசாரித்து, விடுவித்தது. பக்கத்து மாநிலத்துக்காரர்கள் இரண்டு பேர், இரண்டு பயணம், இரண்டிலும் ஒவ்வொரு கோளாறு. இரண்டுமே படம் எடுத்துப் போட்ட கொண்டாட்டத்துக்குள் புதைந்துபோயின.

உடம்புக்கு என்ன ஆகும்? இந்தக் குட்டிப் பயணத்தில் முக்கியமான சோதனை எடைதான். ஏறும்போது உங்கள் எடை மூன்று மடங்காகும். இறங்கும்போது சில நொடிகள் ஐந்து மடங்கைத் தாண்டும். எழுபது கிலோ ஆசாமி முந்நூற்றைம்பது கிலோவாகக் கிடப்பார். மல்லாக்கச் சாய்ந்த நிலையில் அந்தச் சுமை நெஞ்சுக்குக் குறுக்காக விழுந்தால் பெரும்பாலோர் தாங்குவார்கள். தலையிலிருந்து காலை நோக்கி விழுந்தால் மூளைக்கு ரத்தம் போவது குறையும், கண் இருட்டும், நினைவு தப்பும். இதயத் துடிப்பு தாளம் தப்புவது, ஏற்கெனவே தேய்ந்த கழுத்தெலும்பு நொறுங்குவது எல்லாம் மருத்துவர்களின் கவலைப் பட்டியலில் இருக்கின்றன. டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதற்காகவே இதய நோயாளிகள், சர்க்கரைக்காரர்கள், ரத்த அழுத்தக்காரர்கள், முதுகுவலிக்காரர்கள் என்று சாதாரண ஆட்களைச் சுழல் இயந்திரத்தில் உட்காரவைத்துச் சுற்றிப் பார்த்தார்கள். நோய் கட்டுக்குள் இருந்தவர்களில் பெரும்பாலோர் தாங்கிவிட்டார்கள். பலரைத் திணறடித்தது நோயைவிட மனப்பதற்றம்தான். 2023 ஆகஸ்டில் வர்ஜின் கேலக்டிக்கில் போன ஜான் குட்வினுக்கு வயது 80, பார்க்கின்சன் நோய் வேறு. நல்லபடியாகவே திரும்பிவந்தார்.

ஆகவே தலைமையாசிரியர் ஐயா, பதில் 'முடியவே முடியாது' இல்லை. ஸ்டென்ட் வைத்து எவ்வளவு காலமாயிற்று, இதயம் இப்போது எப்படி இயங்குகிறது, சுகர் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் எந்த டாக்டரும் வாய் திறக்க மாட்டார். பார்த்தபிறகு சரி என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை.

நாட்கணக்கில் தங்கப்போனால் கதை வேறு. போனவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் இரண்டு மூன்று நாள் குமட்டலும் வாந்தியும். 1985-ல் ஜேக் கார்ன் என்ற அமெரிக்க செனட்டர் விண்வெளி ஓடத்தில் போனார். நாசாவுக்குப் பணம் ஒதுக்கும் குழுவில் செல்வாக்கானவர், கேட்டால் மறுக்க முடியுமா? மனுஷர் படுத்த பாட்டில், விண்வெளி வாந்தியை அளக்க நாசாக்காரர்கள் விளையாட்டாக அவர் பெயரிலேயே ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டார்கள். ஒரு கார்ன் என்றால் அதற்குமேல் இல்லை! அரசியல்வாதியின் பெயர் நிலைப்பதற்கு இப்படியும் வழி இருக்கிறது.

சிரிப்புக்கு அப்பால், கால்பக்கம் இருக்க வேண்டிய ரத்தம் தலைப்பக்கம் ஏறும். முகம் உப்பும், மூக்கு அடைக்கும். நீண்டநாள் தங்கியவர்களில் கண்பார்வை மாறியவர்கள் உண்டு. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், பதினொரு பேரைப் பார்த்ததில் ஆறு பேருக்குக் கழுத்து ரத்தக்குழாயில் ரத்தம் தேங்கியோ பின்னோக்கியோ ஓடியது தெரிந்தது. ஒருவருக்கு ரத்தக்கட்டியே இருந்தது. பூமியிலிருந்த டாக்டர் சொல்லச் சொல்ல, கையிருப்பு ஊசியை எண்ணி எண்ணிப் போட்டுச் சமாளித்தார்கள். எலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதம்போலத் தேயும். தேய்ந்த கால்சியம் சிறுநீரில் இறங்கும், கல் கட்டும். சென்னை வெயிலில் கிட்னி ஸ்டோன் வந்து சுருண்டவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். அந்த வலி அங்கே வந்தால் என்ன ஆகும் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். கதிர்வீச்சு இன்னொரு பக்கம்: தரையில் நமக்கு ஒரு வருடம் முழுக்கச் சேர்ந்தே சுமார் 2.4 மில்லிசீவர்ட், அங்கே ஒரே நாளில் அரையிலிருந்து ஒன்று.

இதனால்தான் ரஷ்யர்கள் கறாராக இருந்தார்கள். டைசுகே எனோமோட்டோ என்ற ஜப்பானியத் தொழிலதிபர் இரண்டு கோடி டாலருக்கு மேல் கட்டி, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு 2006 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டார். சிறுநீரகக் கல் விவகாரம் பிறகு நீதிமன்றம்வரை போயிற்று. அவர் சீட்டில்தான் அனூஷே அன்சாரி போனார். அதற்கு முன்னால் அமெரிக்கத் தொழிலதிபர் கிரெக் ஓல்சன். பயிற்சிக்குப் போன இடத்தில் எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு கறுப்புப் புள்ளி. பணம், நேரம், ஆசை எல்லாம் இருந்தும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சோதனைமேல் சோதனை செய்து ஒன்றுமில்லை என்று நிரூபித்து, 2005 அக்டோபரில்தான் ஏற முடிந்தது. 1928-லிருந்து நெஞ்சு நோயாளிகளைப் பார்த்துவரும் தாம்பரம் சானடோரியத்தில், மரத்தடிச் சிமென்ட் மேடையில் எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு டாக்டர் அழைப்புக்குக் காத்திருந்தவர்களுக்கு ஓல்சனின் அந்த மாதங்கள் புரியும்.

என்னை இழுத்துப்பிடித்த இடம் இதுதான். எனோமோட்டோவையும் ஓல்சனையும் நிறுத்துவதற்கு அங்கே ஒருவருக்கு அதிகாரம் இருந்தது. டிக்கெட் விற்ற நிறுவனத்துக்குச் சங்கடம், வாங்கியவருக்குக் கோபம். ஆனாலும் வெள்ளைக் கோட்டுக்காரர் தலையை ஆட்டவில்லை என்றால் ராக்கெட்டில் ஏற முடியாது. இன்று தனியார் கலத்தில் ஏறுகிறவருக்கு அப்படி யார் இருக்கிறார்?

அமெரிக்காவில் 2004-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ராக்கெட் வெடித்துக் கீழே இருக்கிறவர்கள் மேல் விழாமல் பார்க்கும் பொறுப்பு அரசாங்கத்துக்கு. உள்ளே உட்கார்ந்திருக்கிற பயணியின் பாதுகாப்புக்கு விதி போட அரசாங்கத்துக்கே தடை. குழந்தைத் தொழில், விதியைப் போட்டு நசுக்கிவிடாதீர்கள் என்ற வாதம். எட்டு வருடத்துக்கு என்று ஆரம்பித்த தடை தவணை தவணையாக நீண்டு, இப்போது 2028 ஜனவரி 1 வரை வந்து நிற்கிறது. இருபது வயது தாண்டியும் குழந்தை குழந்தையாகவே இருக்கிறது! கலத்தை ஓட்டும் விமானிக்கு மருத்துவச் சான்று கட்டாயம். பயணிக்கு அரசாங்கம் எதுவும் கேட்பதில்லை. பரிசோதிப்பதும் அனுப்புவதும் டிக்கெட் விற்கிற நிறுவனத்தின் விருப்பம்.

அதற்குப் பதிலாக ஒரு கையெழுத்து. 'இந்தக் கலம் மனிதர்களை ஏற்றிச் செல்லப் பாதுகாப்பானது என்று அமெரிக்க அரசு சான்றளிக்கவில்லை' என்பதை நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பயணி அறிந்து ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் நாம் போடுகிற கையெழுத்து மாதிரிதானே என்று தோன்றும். ஆனால் அந்தத் தாளுக்குப் பின்னால் டாக்டரின் பட்டம் இருக்கிறது, மருத்துவக் கவுன்சில் இருக்கிறது, மயக்க மருந்து நிபுணர் 'இன்று பிரஷர் அதிகம், நாளைக்குப் பார்க்கலாம்' என்று திருப்பி அனுப்பும் உரிமை இருக்கிறது. விண்வெளித் தாளுக்குப் பின்னால் தாள் மட்டும்தான்.

தனியார் என்றாலே அலட்சியம் என்று நான் சொல்லவரவில்லை. 2022 செப்டம்பரில் ஆளில்லாமல் போன நியூ ஷெப்பர்ட் பாதிவழியில் பழுதானபோது, கேப்சூல் தானாகவே ராக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு பத்திரமாக இறங்கியது. விமானத் துறை 21 திருத்தங்கள் சொல்லி, செய்யவைத்து, ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகே மறுபடி பறந்தார்கள். ஆனால் 2014 அக்டோபர் 31 அன்று மொஹாவி பாலைவனத்துக்கு மேலே நடந்ததையும் பார்க்க வேண்டும். வர்ஜின் கேலக்டிக்கின் சோதனைக் கலத்தில் துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி ஒரு பூட்டைச் சில விநாடி முன்கூட்டியே விடுவித்தார். கலம் காற்றிலேயே சிதறியது. அவர் இறந்தார், கூட இருந்த விமானி பாராசூட்டில் பிழைத்தார். விசாரணை வாரியம் இறந்தவர்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போகவில்லை. ஒரே ஒரு மனிதத் தவறு கலத்தையே அழிக்கும்படி வடிவமைத்தவர்கள், அப்படி ஒரு தவறு நடக்கலாம் என்று யோசிக்கவே இல்லையே என்று கேட்டது.

ஆகாயத்தை விட்டுக் கடலுக்குள் ஓர் எட்டு இறங்கினால் இந்த விஷயம் இன்னும் துலக்கமாகத் தெரியும். ஹாமிஷ் ஹார்டிங் என்ற பிரிட்டிஷ் தொழிலதிபர் 2022 ஜூனில் புளூ ஆரிஜினில் விண்வெளி போய்வந்தார்.  ஒரே வருடத்தில், 2023 ஜூன் 18 அன்று, டைட்டானிக் கிடக்கும் இடத்தைப் பார்க்க 'டைட்டன்' நீர்மூழ்கியில் இறங்கினார். சுமார் 3,800 மீட்டர் ஆழம். கலம் நொறுங்கியது. ஐந்து பேர் போனார்கள். அதில் ஒரு பையனுக்குப் பத்தொன்பது வயது.

டைட்டன் எந்தத் தரச்சான்று அமைப்பிடமும் போகவில்லை. சான்று வாங்குவது புதுமைக்கு முட்டுக்கட்டை என்பது முதலாளியின் கொள்கை. அந்த முதலாளியும் அதே கலத்தில் இருந்தார், செத்தார். கரிம இழையால் செய்த உடலின் பாதுகாப்பைப் பற்றி 2018-லேயே அந்த நிறுவனத்துக்குள் இருந்த அதிகாரி ஒருவர் எச்சரித்து எழுதிக் கொடுத்தார். வேலை போயிற்று. துறையின் நிபுணர்கள் கூடிக் கடிதம் எழுதினார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2025-ல் வெளியிட்ட அறிக்கை, இது தடுத்திருக்கக்கூடிய விபத்து என்று சொன்னது. எச்சரித்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் சொன்னால் கலம் நின்றாக வேண்டும் என்ற ஏற்பாடுதான் இல்லை.

ஆளை ஆழ்கடலுக்கு அனுப்பும் இதே வேலையை நம் பள்ளிக்கரணையிலும் செய்கிறார்கள். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் போகிறவர்கள் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பி 29 பேரோடு மறைந்துபோன விமானப்படை விமானத்தின் சிதறல்களை, ஏழரை வருடம் கழித்து 3,400 மீட்டர் ஆழத்தில் கண்டெடுத்தது இவர்கள் அனுப்பிய தானியங்கிக் கலம்தான். அங்கே உருவாகும் 'மத்ஸ்யா 6000' மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டியது. ஆள் உட்காரும் கோளம் டைட்டானியம், 80 மில்லிமீட்டர் தடிமன். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு, ஆபத்தென்றால் தொண்ணூற்றாறு மணி நேரம் மூச்சுவிட ஏற்பாடு. 2025 ஜனவரி–பிப்ரவரியில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தண்ணீருக்குள் இறக்கிச் சோதித்தார்கள். மெதுவாகப் போகிறார்கள், தேதிகள் தள்ளிப்போகின்றன, தாமதம் என்று நாம் அவ்வப்போது முணுமுணுக்கிறோம். தள்ளிப்போகட்டும் என்பேன்.

தள்ளிப்போடுவதன் அருமையை நம் நாடு 2025 ஜூனில் பார்த்தது. இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா போன ஆக்சியம்-4 தனியார் பயணம்தான். இந்தியா சுமார் 550 கோடி ரூபாய் செலவிட்டது. ஜூன் 11-க்குத் தேதி குறித்திருந்தது. ஏவுதளத்தில் ராக்கெட்டை ஏழு விநாடி எரியவிட்டுப் பார்த்ததில் திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்தது. அங்கே நேரில் இருந்த இஸ்ரோ தலைவர் வி. நாராயணன், கன்னியாகுமரி மாவட்டம் மேலக்காட்டுவிளைக்காரர், வாழ்நாளெல்லாம் கிரையோஜெனிக் எஞ்சினோடு பழகியவர். திரவ ஆக்சிஜன் எப்படிக் கசியும், கசிந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கசிவை அடைத்து, மறுபடி சோதித்துக் காட்டாமல் எங்கள் ஆள் ஏறமாட்டார் என்று அவரும் அவர் குழுவும் உறுதியாக நின்றார்கள். குழாயில் விரிசல் இருந்ததையும், அப்படியே போயிருந்தால் பேராபத்து என்பதையும் பிறகு அவரே பொதுமேடையில் சொன்னார். ஜூன் 25 அன்று ராக்கெட் கிளம்பியது, ஜூலை 15 அன்று சுக்லா திரும்பினார். திரும்பியவர் கட்டிலில் உட்கார்ந்து வேலை செய்துவிட்டு, மிதக்கும் என்ற நினைப்பில் லேப்டாப்பைக் காற்றில் விட, அது தொப்பென்று தரையில் விழுந்ததாம்.

சுக்லாவுக்கு நாராயணன் இருந்தார். சுனிதா வில்லியம்ஸுக்கு, போயிங் கலத்தில் திரும்ப வேண்டாம் என்று முடிவெடுக்க நாசா இருந்தது. எட்டு நாள் என்று போனவர் ஒன்பது மாதம் கழித்து வேறு கலத்தில் வந்தாலும் முழுசாக வந்தார். சொந்தக் காசில் போகிறவருக்காகப் பேச அங்கே யாரும் நிற்பதில்லை. அவர் வாடிக்கையாளர். எத்தனையோ வருடம் காத்திருந்து, ஊரெல்லாம் சொல்லி, குடும்பத்தோடு வந்து நிற்கிறவர், அன்று காலையில் தனக்கு நெஞ்சு படபடக்கிறது என்று தானாகவே சொல்வாரா? நான் சொல்ல மாட்டேன்.

நிறுத்தச் சொல்லும் இந்த வித்தை நம் ஊரில் பழையது. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் உள்ள பயிற்றுநர் பள்ளியில்தான், விமானம் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கக் கற்றுத்தருகிறார்கள். இந்தியா மனிதரை விண்ணுக்கு அனுப்பவிருக்கும் ககன்யான் திட்டத்தின் வீரர்களில் ஒருவரும் சுக்லாவுக்கு மாற்றாகத் தயாராக இருந்தவருமான பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் இந்தப் பள்ளியில் படித்தவர். இன்னொருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர், அவரும் பயிற்றுநர். பயிற்றுநரின் வேலையில் பாதி, மாணவனை இன்றைக்குப் பறக்கவிடலாமா கூடாதா என்று முடிவெடுப்பது. கூடாது என்றால் அதற்குமேல் பேச்சில்லை. அவ்வளவு இருந்தும் விபத்து நடக்காது என்றில்லை: 2025 நவம்பர் 14 அன்று திருப்போரூர்ப் பக்கம் பயிற்சி விமானம் ஒன்று விழுந்தது. விமானி இருக்கையோடு வெளியே வீசப்பட்டுப் பாராசூட்டில் பத்திரமாக இறங்கினார். கடைசி நேரத்தில் வெளியேற ஒரு வழியையும் சேர்த்தே செய்துவைத்திருக்கிறார்கள்.

இஸ்ரோவும் அப்படித்தான். 2023 அக்டோபர் 21 அன்று ககன்யானின் ஆள் தப்பிக்கும் அமைப்பைச் சோதிக்கும்போது, ஐந்து விநாடி மீதி இருக்கையில் கணினியே 'ஹோல்டு' போட்டது. காரணம் பார்த்து, சரிசெய்து, அன்று காலையே ஏவினார்கள். அக்னிகுல் பையன்கள் பலமுறை கடைசி நேரத்தில் நிறுத்தி, கேலி கேட்டு, 2024 மே 30 அன்று ஏவினார்கள். தனியாராக இருந்தாலும் நிறுத்தத் தெரிந்தவர்கள். அதில் ஆள் இல்லை, அது வேறு விஷயம்.

இந்தியாவிலிருந்தே 2030 வாக்கில் விண்வெளிச் சுற்றுலா, சீட்டுக்கு ஆறு கோடி ரூபாய் என்று 2023-ல் செய்திகள் வந்தன. குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் எழுகிறது. தமிழ்நாடு அரசு 2025-ல் விண்வெளித் தொழில் கொள்கை அறிவித்துவிட்டது. தனியாருக்கு அனுமதி கொடுக்க இன்ஸ்பேஸ் அமைப்பு இருக்கிறது, 2023-ன் விண்வெளிக் கொள்கை இருக்கிறது. விண்வெளிச் சட்டத்துக்கு மட்டும் 2017-ல் ஒரு வரைவு வந்ததோடு சரி. 1972-ன் சர்வதேச உடன்படிக்கை, நம் ராக்கெட் அடுத்த நாட்டுக்காரர் தலையில் விழுந்தால் நம் அரசு ஈடுகட்ட வேண்டும் என்கிறது. அதே ராக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்க்காரரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.  

ஆகவே சட்டம் வரும்போது இந்தப் பக்கத்திலிருந்து நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நிறுவனத்திடம் சம்பளம் வாங்காத ஒரு மருத்துவர், நிறுவனத்திடம் சம்பளம் வாங்காத ஒரு பொறியாளர். இவர்களில் யார் வேண்டாம் என்றாலும் அன்று அந்த ஆள் ஏறக்கூடாது, கட்டிய பணம் முழுதாகத் திரும்ப வேண்டும். பணம் திரும்பும் என்ற நிச்சயம் இருந்தால்தான் பயணியும் தன் நெஞ்சுவலியை மறைக்காமல் சொல்வார். அமெரிக்காவைப் பார்த்துக் கையெழுத்துத் தாளை மட்டும் நகல் எடுத்துக்கொள்வது சுலபம். அந்தச் சுலபத்துக்குத்தான் பயப்படுகிறேன்.

வாசகர்களில் விமானப்படை மருத்துவப் பிரிவிலும் பயிற்சிப் பிரிவிலும் இருந்து ஓய்வுபெற்றவர்கள் மாடம்பாக்கத்திலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள், சந்தாப் பட்டியல் சொல்கிறது. பறக்கத் தயாராக வந்து நின்ற ஒருவரை 'இன்றைக்கு வேண்டாம்' என்று நீங்கள் நிறுத்திய அனுபவம் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அவர் கோபித்துக்கொண்டாரா, மேலதிகாரி என்ன சொன்னார், வீட்டுக்குப் போய்த் தூக்கம் வந்ததா என்பதெல்லாம் வேண்டும், பெயர்கள் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருந்தால் அப்படியே போடுகிறோம், நீண்டால் ஆசிரியர் குழு கத்தரி வைக்கும், கோபிக்கக் கூடாது. தீபாவளி மலர் வேலை தொடங்குவதற்குள் வந்துவிட்டால் நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்